ஈரக்கால் இன்ஸ்பெக்டர்

மார்ச் மாதம் பிறந்து, கூரைப் பனி சொட்டுச் சொட்டாக இறங்கி, சாவா ஆறு கலங்கலாகப் பெருகி, தெருவில் எது பள்ளம் எது மேடு என்று தெரியாதபடி தண்ணீர் நிற்கத் தொடங்கியதும், எங்கள் ஊரில் ஒரு ஜீவன் வெளியே வரும். நாரை அல்ல. தவளையும் அல்ல. அவை பாவம், தங்கள் கால் நனைவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, அடுத்தவர் கால் நனைவதைப் பற்றியும் கவலைப்படுவதில்லை. நான் சொல்வது மனிதர்களில் ஓர் இனம். உங்கள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசுகிற இனம். பெயர் வைத்தே தீரவேண்டும் என்றால், ஈரக்கால் இன்ஸ்பெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உங்களுக்கு இவரைத் தெரியும். எதிரே வந்தால் மற்றவர்கள் சௌக்கியமா என்பார்கள். இவர் கால் நனைஞ்சிருக்கா என்பார். உங்கள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவர் பார்வை அதற்குள் உங்கள் பூட்ஸின் தையலில் இறங்கி, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று துப்புத் துலக்கிக்கொண்டிருக்கும். உலகத்தில் உள்ள வியாதி அத்தனையும் உள்ளங்கால் வழியாகத்தான் ஏறுகிறது என்பது இந்த இனத்தின் முடிந்த முடிவு. தொண்டை கட்டியதா? ஈரக்கால். பல் வலியா? அதுவும் ஈரக்கால்தான், மேலே வந்து சேர நேரம் பிடித்திருக்கிறது. தபால்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாளே, அதற்கு? அதற்கும் அதுதான். கால் சில்லிட்டவன் கட்டிலில் அந்தக் காலை எங்கே கொண்டுபோய் வைப்பான், அவள்தான் எத்தனை நாள் பொறுப்பாள்? இந்தத் தர்க்கத்தை உங்களால் மறுக்க முடியுமா? என்னால் முடியவில்லை.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். பெயர் மிலுத்தின். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தது ரயில்வே; அவர் எடுத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் இல்லாதவன் முகத்தை ஜன்னல் பக்கம் எப்படித் திருப்பிக்கொள்வான் என்று அறிந்த அதே கண்ணுக்கு, ஈர சாக்ஸோடு போகிறவன் எப்படி நடப்பான் என்பதும் தெரியும். நான் எத்தனையோ முறை அவர் வாசலைத் தாண்டி நழுவப் பார்த்திருக்கிறேன்.

"பக்கத்து வீட்டுக்காரரே, நில்லுங்க. கால் நனைஞ்சிருக்கா?"

"இல்லண்ணே."

"ரயில்லயும் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உள்ள வாங்க."

உள்ளே போவது என்பது ஒரு சடங்கு. செருப்பையும் பூட்ஸையும் வாசலிலேயே கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று கூடையில் போட்டிருக்கும் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் மிலுத்தின் வீட்டில் பூட்ஸுக்கும் வீட்டுச் செருப்புக்கும் நடுவே ஒரு சோதனைச் சாவடி உண்டு. அவர் குனிந்து, உங்கள் சாக்ஸின் நுனியை இரண்டு விரலால் கிள்ளி, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் அழுத்திப் பார்ப்பார். ஈரம் என்று தீர்ப்பானால் சாக்ஸ் பறிமுதல். பிளம் பழத்தில் காய்ச்சிய ராக்கியா சாராயத்தை உள்ளங்கையில் ஊற்றி உங்கள் பாதத்தில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, அவர் மனைவி தெசான்கா பின்னிய முரட்டுக் கம்பளி சாக்ஸை மாட்டிவிடுவார். மோசமான கேஸ் என்றால் அந்தச் சாக்ஸையே ராக்கியாவில் முக்கிப் பிழிந்து மாட்டுவதும் உண்டு. பிறகு, தொண்டையும் காலும் ஒரே குழாயின் இரண்டு முனைகள் என்பதால், மேல் முனைக்கும் ஒரு கிளாஸ் கிடைக்கும். எங்கள் தெருக் குழாய்க்காரருக்கு மழைக்காலத்தில் மட்டும், அதுவும் மிலுத்தின் வீட்டு வாசலில் உள்ள குட்டையில் மட்டும் கால் தவறுவதற்குக் காரணம் இந்த மேல் முனை வைத்தியம்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இன்ஸ்பெக்டரின் சொந்தக் கால் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. நாங்கள் யாரும் கேட்டதில்லை. டிக்கெட் பரிசோதகரிடம் யாராவது டிக்கெட் கேட்டதுண்டா? முதல் பனி விழுந்த நாளில் ஏறிய ரப்பர் பூட்ஸ் மே மாதம் புனித ஜார்ஜியார் திருநாள்வரை தெருவில் அவர் காலை விட்டு இறங்காது. அதற்குள்ளே ஒரு பருத்தி சாக்ஸ், அதற்கு மேல் ஒரு கம்பளி, அதற்கும் மேல் இன்னொரு கம்பளி. வீட்டுக்குள் நுழைந்தால் பூட்ஸ் மட்டும் கழலும், கம்பளிகள் கழலாது. தூங்கும்போதும் கழலாது. "என் காலத் தொட்ட மழைத்துளி இன்னும் பொறக்கல" என்று அவர் சொன்னால் அது நூற்றுக்கு நூறு உண்மை.

கேலி செய்கிறேனே தவிர, எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அவர் மகள் விஷ்ன்யா சின்னக் குழந்தையாக இருந்தபோது உருகிய பனித் தண்ணீரில் விளையாடிவிட்டு வந்து, நெஞ்சுச் சளி முற்றி, ஆஸ்பத்திரியில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்திருக்கிறாள். மிலுத்தின் அன்று வடக்கே எங்கேயோ ரயிலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார்; இவர் காதில் ஏறியது குழந்தையின் நனைந்த கால் மட்டும்தான். அன்று முதல் ஊரில் உள்ள எல்லாக் கால்களுக்கும் இவர் அப்பாவாகிவிட்டார். இந்த இனத்தின் அதிகாரத்துக்கு அடியில் கொஞ்சம் தோண்டினால் பெரும்பாலும் இப்படி ஒரு பயம்தான் கிடக்கிறது. தோண்டத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

அந்த விஷ்ன்யாவுக்குத்தான் இந்த வருஷம் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை லாசர், நோவி சாத் நகரத்துப் பையன், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவன். கல்யாணத் தேதி பேச மார்ச் மாதத்து மழையில் வந்து இறங்கினான். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். வாசலில் அவன் துணி ஷூவைக் கழற்றியதும் மிலுத்தின் வழக்கம்போலக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிள்ளிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"தம்பி, உங்க சாக்ஸ் எங்க?"

"போடறதில்ல மாமா."

"தொலைஞ்சுபோச்சா?"

"இல்ல மாமா. போடறதே இல்ல."

மிலுத்தின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "தெசான்கா, ஒரு கிளாஸ் ராக்கியா கொண்டு வா. அவன் காலுக்கு இல்ல. எனக்கு."

"நனைஞ்சா வந்ததும் தொடச்சுக்குவேன் மாமா" என்று பையன் தைரியம் சொன்னான். "விரலுக்கு நடுவுல எல்லாம். ஷூவுக்குள்ள பேப்பரத் திணிச்சுக் காய வெச்சிருவேன். மாத்திக்க இன்னொரு ஜோடி இருக்கு."

அவன் அன்று எங்களுக்கெல்லாம் நல்ல பையனாகவே தெரிந்தான். ஆனால் விருந்து முடிந்து, கம்பளி சாக்ஸும் ராக்கியா வாசனையுமாக அவன் பஸ் ஏறிப்போன பிறகு மிலுத்தின் என்னைத் தனியாக அழைத்துப்போய் முறையிட்டார்: "விரலுக்கு நடுவுல தொடைக்கிற ஆம்பளைய நம்பி எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?"

ஆனாலும் கொடுக்க ஒத்துக்கொண்டார். மகள் கேட்டு அவர் எதை மறுத்தார்? புனித ஜார்ஜியார் நாளுக்குப் பிறகு இரண்டாவது ஞாயிறு கல்யாணம் என்று முடிவானது. விஷ்ன்யாவுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை, ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் கைகோத்து வட்டமாக ஆடும் கோலோ ஆட்டத்தின் முதல் சுற்றில் அப்பா முன்னால் நின்று அவள் கையைப் பிடித்து நடத்தவேண்டும். அவள் கோலோ கற்றுக்கொண்டதே அப்பாவின் இரண்டு பாதங்கள்மேல் தன் குட்டிப் பாதங்களை ஏற்றி நின்றுகொண்டுதான். சமையலறையில் மேஜையை ஒதுக்கிவிட்டு மாலையில் அப்பாவும் மகளும் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள்.

ஏப்ரல் மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு விநோதங்கள் நடந்தன. ஒன்று, பாலாடைக்கட்டி அடிக்கடி கெட்டுப்போயிற்று. தெசான்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு அலமாரியெல்லாம் தேடி, நல்ல வெள்ளைக் கட்டியாகத் தெரிந்ததையும் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, கடைக்காரியோடு போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தாள். அப்படியும் வாடை போகவில்லை. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் குறுக்கே வீசும் காற்று ஆளைக் கொன்றுவிடும் என்று மிலுத்தின் விடமாட்டார். இரண்டாவது விநோதம், ஒத்திகை ஒவ்வொரு நாளும் சீக்கிரமாக முடிந்தது. ஒரு சுற்று வருவதற்குள் மிலுத்தின் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

"என்னப்பா?"

"முட்டி. மழ வரப்போகுதுன்னு முட்டி சொல்லுது."

மழை ஏற்கனவே பெய்துகொண்டுதான் இருந்தது. தெருவிலும் அவர் நடை மாறியிருந்தது. சுடுமணலில் நடப்பவர்போல் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தார். வேறு யாராவது அப்படி நடந்திருந்தால் இன்ஸ்பெக்டர் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்து ஸ்டூலில் உட்கார வைத்திருப்பார். எங்கள் ஊரில் இருப்பதோ ஒரே ஒரு இன்ஸ்பெக்டர், அவரைச் சோதிக்க மேலதிகாரியும் கிடையாது. கால் அரித்தபோது சாக்ஸ் மேலேயே கொஞ்சம் ராக்கியா ஊற்றிக்கொண்டார். எரிந்தபோது வைத்தியம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். வெடித்தபோது மூன்று சாக்ஸை நான்காக்கினார்.

புனித ஜார்ஜியார் நாள் வந்தது. அன்று விடிவதற்குள் ஊரே எழுந்து ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போய், செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, வருஷம் முழுக்க உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்று பனித்துளி நிறைந்த புல்லில் வெறுங்காலோடு நடப்போம். அன்றைக்கு மட்டும் இன்ஸ்பெக்டரே ஆள் அனுப்பி எங்களை எழுப்புவார். இத்தனை நாள் ஈரம் ஆகாது என்றவர் இதை எப்படி ஒத்துக்கொள்கிறார் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பனித்துளி வேற, தண்ணி வேற" என்றார். "தண்ணி கீழருந்து ஏறும். பனித்துளி மேலருந்து இறங்கும்." அப்படியானால் மழையும் மேலிருந்துதானே இறங்குகிறது, என்றேன். அவருக்கு அவசரமாக எங்கோ போகவேண்டியிருந்தது.

இந்த வருஷமும் எல்லாரும் கழற்றினோம். பெண்கள் அன்றைய வழக்கப்படி வில்லோ மரத்துக் கிளைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு புல்லில் இறங்கினார்கள். லாசரும் வந்திருந்தான், கழற்ற அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மிலுத்தின் மட்டும் ரப்பர் பூட்ஸோடு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார்.

"வாங்கண்ணே, எறங்குங்க" என்று கூப்பிட்டேன்.

"இந்த வருஷம் பனித்துளி சரியில்ல. ரொம்ப ஈரமா இருக்கு."

ஊர் சிரித்தது. விஷ்ன்யா சிரிக்கவில்லை. அவள் மெதுவாக வந்து அப்பாவின் முன்னால் புல்லில் மண்டியிட்டு, பூட்ஸின் குதிகாலைப் பிடித்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். பூட்ஸ் உறிஞ்சும் சத்தத்தோடு கழன்று வந்தது. ஒரு சாக்ஸ். இன்னொன்று. அதற்கடியில் ஒன்று. கடைசிச் சாக்ஸை அவள் பிழிந்திருந்தால் சொட்டியிருக்கும். உள்ளே இருந்த பாதம், தெசான்கா இரவெல்லாம் ஊறப்போடும் வெள்ளை பீன்ஸ்போல வெளுத்துச் சுருங்கி, விரல்களுக்கு நடுவே சிவப்பாக வெடித்துக் கிடந்தது. காற்று எங்கள் பக்கம் வீசிற்று.

தெசான்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அடப்பாவி மிலுத்தின், எத்தன நல்ல சீஸக் கோழிக்குப் போட்டேன் நான்."

லாசர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் பாதத்தைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக, நடுவில் எல்லாம், வலிக்காதபடி ஒற்றி எடுத்தான்.

"மாமா, கால் நனைஞ்சிருக்கு" என்றான்.

"மழை தொட்டதில்ல தம்பி. சத்தியமா மழை தொட்டதில்ல."

"மழை இல்ல மாமா. உள்ளயே நனைஞ்சிருக்கு."

மிலுத்தின் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். மரியாதைக்காக ஆற்றைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் அம்மாவிடம் அழைத்துப்போனோம். அவள் பார்த்தாள், மூக்குக்கு மேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னும் பார்த்தாள். "காத்தும் படல, வெயிலும் படல. வேர்வையில ஊறவெச்சு, ஊறின தோல்ல சாராயத்த ஊத்தியிருக்கீங்க. இந்த வெடிப்புல சீழ் வெச்சு மேல ஏறிச்சுன்னா, கல்யாணத்தன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல."

"கோலோ ஆடலாமா?" மிலுத்தின் கேட்டது அது ஒன்றுதான்.

"கால் காஞ்சா ஆடலாம்."

காய வைத்தார்கள். கழுவித் துடைத்து மருந்து போட்டு, வெளியே போக மெல்லிய பருத்தி சாக்ஸ், அதையும் நடுப்பகலில் மாற்றவேண்டும், வீட்டுக்கு வந்ததும் பூட்ஸுக்குள் பேப்பர், மற்ற நேரமெல்லாம் வெறுங்கால் வெயிலில். ராக்கியா வாய் வழியாக மட்டும், அதுவும் கொஞ்சம். இப்படியாக எங்கள் இன்ஸ்பெக்டர் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, எதிரே ஸ்டூலில் இரண்டு பாதங்களையும் வடகம்போலப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் இந்த நாளுக்காகவா காத்திருந்தது என்று தோன்றியது. பக்கத்துத் தெருக்காரர்களுக்குக்கூட எங்கள் தெரு வழியாக வேலை வந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்க, டிக்கெட்டக் காட்டுங்க" என்றார். குழாய்க்காரர் கிட்டே வந்து குனிந்து பெருவிரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றார். மிலுத்தின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மாலையில் விஷ்ன்யா வேலையிலிருந்து திரும்பி வரும்போது மட்டும், யாரும் கேட்கக்கூடாது என்பதுபோல் தாழ்ந்த குரலில் சொல்வார்: "இன்னிக்கு நல்லா காஞ்சிருக்கு, பாரும்மா."

கல்யாணத்தன்று கால் ஆறியிருந்தது, ஆனால் தோல் இன்னும் பிஞ்சு. கல்யாணத்துக்கென்று வாங்கிய தோல் ஷூ முதல் அடியிலேயே கடித்தது. ரப்பர் பூட்ஸை விஷ்ன்யா பூட்டிவைத்துவிட்டாள். லாசர் காரிலிருந்து தன் இன்னொரு ஜோடி துணி ஷூவைக் கொண்டுவந்து வைத்தான். மிலுத்தின் அதை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார். சாக்ஸ் இல்லாமல்.

கறுப்புக் கோட்டுக்குக் கீழே அந்த இரண்டு கணுக்கால்களும் வெள்ளை வெளேரென்று பளபளக்க, அக்கார்டியன் இழுக்க, மகள் கையைப் பிடித்து அவர் கோலோவின் முதல் சுற்றை நடத்தினார். முற்றத்தில் தூறல் போட்டது. எல்லார் காலும் நனைந்தது. அந்தச் சுற்று முழுக்க அவர் ஒருவர் காலையும் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆடினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

இத்தோடு மிலுத்தின் திருந்திவிட்டார், இனி ஊரில் யார் காலும் நிம்மதியாக நடக்கலாம் என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. கல்யாணத்துக்கு அடுத்த நாள் காலை ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரரே, நில்லுங்க. சாக்ஸ் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேண்ணே. உலர்ந்த சாக்ஸ். நீங்க குடுத்த கம்பளிதான்."

"கழட்டுங்க மொதல்ல. காலுக்குக் காத்து படணும். ஒலகத்துல உள்ள வியாதியெல்லாம் காத்துப் படாததாலதான் வருது. தபால்காரர் பொண்டாட்டி எதுக்குப் போனான்னு நெனைக்கறீங்க?"

இந்த இனம் திருந்தாது. கட்சி மட்டும் மாறும். இப்போது வாசலில் கூடை இருந்த இடத்தில் துண்டு தொங்குகிறது; விரல்களுக்கு நடுவே துடைத்துக் காட்டாமல் யாரும் உள்ளே போகமுடியாது. ராக்கியா நின்றுபோனதில் குழாய்க்காரருக்குக் கால் தவறுவதும் நின்றுவிட்டது.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் இதைப் படித்தீர்களே, யாருடைய கால் உங்கள் நினைவுக்கு வந்தது? மாமனாருடையதா? அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரருடையதா? இதை அவர் அவசியம் படிக்கவேண்டும் என்று தோன்றியதா? தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன்னால், மழையில் நடந்து வந்து இன்னும் மாற்றாமல் இருக்கும் அந்தச் சாக்ஸைக் கழற்றி, விரல்களுக்கு நடுவே ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள். பார்க்கத் தேவையில்லை, என் கால் எனக்குத் தெரியாதா என்கிறீர்களா? நல்லது. இன்னும் ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன்: உங்கள் வீட்டிலும் கொஞ்ச நாளாகப் பாலாடைக்கட்டி அடிக்கடி கெட்டுப்போகிறதா?